நாற்பத்தொன்பது பேர் வரை

என் தலைக்கு மேலே பத்தொன்பது வருடமாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி இதை எழுதுகிறேன். நான் அமலோ, கீழ்த்தளம். ரெமோந்த் பாத்னோத் முதல் மாடி. காலை ஆறு பத்துக்கு அவருடைய காலடிச் சத்தம், ஆறு பன்னிரண்டுக்குக் குழாய்ச் சத்தம், ஆறரைக்கு வானொலி. என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோன ஒரு வாரம் முழுக்க அந்தச் சத்தங்களை வைத்துத்தான் வேலைக்குப் போனேன். ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுத்தவர் என்ன செய்கிறார், எதற்குச் செய்கிறார் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. புதுச்சேரியில் இருந்தபோதே என் அம்மா இதற்காகத் தலையில் குட்டியிருக்கிறாள். மொந்ரியாலுக்கு வந்து இருபத்துநான்கு வருடம் ஆகியும் அது போகவில்லை. நான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடை தெருமுனையில் இருக்கிறது, இரண்டு பக்கமும் கண்ணாடி. இந்தக் குணம் உள்ளவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆகவே 2012 மே மாதம் ஒரு சாயங்காலம் ரெமோந்த் பால்கனியில் நின்று சூப் சட்டியைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தபோது, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

தட்டியது வேறு யாராவது என்றால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அந்த வாரம் ஊரே தட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ரெமோந்த் யார் என்று தெரிந்தால் உங்களுக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தெருவைக் கடக்கவைப்பது அவர் வேலை. மஞ்சள் மேல்சட்டை, கையில் 'நில்' என்று எழுதிய சிவப்புப் பலகை, காலை, மதியம், பிற்பகல் என்று நாளுக்கு மூன்று முறை எங்கள் கடை முனையில் நிற்பார். பனியில் மூக்கு மட்டும் தெரியும். சிவப்பு விளக்கில் அவர் கால் நடைபாதையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு காரும் இல்லாதபோது, குளிர் காதைக் கடிக்கிறதே என்று நான் மட்டும் விறுவிறுவென்று கடந்துவிட்டேன். அவர் எதிர்ப்பக்கம் நின்று, பச்சை வந்த பிறகு வந்து சேர்ந்தார். மாதாகோவில் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பூசை முடிந்து திரும்பும்போதும் பேசவில்லை.

அவர் வயது அறுபத்திரண்டு. முன்பு ஒரு தையல் ஆலையில் இருந்தார், அது மூடிவிட்டது. கணவர் போய்ப் பல வருடம். பிள்ளை கிடையாது. எங்கள் ஊரில் இந்தத் தெரு கடத்தும் வேலை காவல்துறையின் கீழ் வருகிறது. சட்டையும் பலகையும் அவர்களுடையவை. எந்த முனை யாருக்கு என்று ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் அவர்கள்தான் கடிதம் அனுப்புவார்கள். ரெமோந்துக்குப் பத்தொன்பது ஆகஸ்டும் அதே முனைதான் வந்தது. கடிதத்தைப் பிரிக்காமலே குளிர்பதனப்பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டிவைப்பார்.

அந்த வசந்தத்தில் கல்லூரி மாணவர்கள் படிப்புக் கட்டண உயர்வை எதிர்த்து மாதக்கணக்கில் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். அரசாங்கம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சட்டம் போட்டது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஆர்ப்பாட்டம் செய்தால், எந்த இடம், எந்த நேரம், எந்த வழி என்று எட்டு மணி நேரத்துக்கு முன்னால் காவல்துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடப்பதே குற்றம். மாணவர்கள் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அன்றைக்குத்தான் சட்டியைக் கையில் எடுத்தார்கள். சரியாக எட்டு மணிக்கு, மே மாத வெயில் மங்காத நேரத்தில், பால்கனிதோறும் தட்டினார்கள். ஊரில் தட்டிக் கேட்பது என்போமே, அதை இவர்கள் பாத்திரத்தை வைத்துக்கொண்டு செய்தார்கள்.

ரெமோந்த் எட்டு மணி அடிக்கும்வரை சட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எட்டேகாலுக்கு நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார். மூன்றாம் நாள் என்னால் அடக்க முடியவில்லை. வாசலில் சுழன்று ஏறும் இரும்புப் படிக்கட்டில் பாதி ஏறி நின்று கேட்டேன்.

"ரெமோந்த், கட்டணம் ஏறினா உனக்கென்ன? படிக்கிற புள்ளையா குட்டியா?"

"ஏறட்டுமே. அந்தப் பசங்க ரோட்ட மறிச்சப்ப நானே வாயில வந்தபடி திட்டியிருக்கேன். ஒரு மணி நேரம் பஸ்ஸுக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன், ஒண்ணுக்கு வேற வந்துடுச்சு."

"அப்ப எதுக்குச் சட்டிய நசுக்கற? அடியப் பாரு, குழிகுழியா இருக்கு."

அவர் உள்ளே போய் ஒரு கற்றைக் காகிதம் கொண்டுவந்தார். சட்டம். நூலகத்தில் அச்செடுத்திருக்கிறார். ஸ்கேல் வைத்து நேராக அடிக்கோடு போட்டிருந்தார். இந்தச் சட்டத்தை முழுதாகப் படித்த ஒரே ஆள் எங்கள் தெருவில் அவராகத்தான் இருக்கும்.

"இங்க படி, அழகி. ஐம்பது பேர் சேர்ந்து நடந்தா, எந்தப் பக்கம் திரும்புவோம்னு மொதல்லயே எழுதித் தரணும். காலைல எட்டேகாலுக்கு என் முனையில அறுபத்திமூணு புள்ளைங்க. அது என்னவாம்?"

"அது ஸ்கூலுக்குப் போறது. இது ஆர்ப்பாட்டம்."

"காலு ஒண்ணுதானே? தெரு ஒண்ணுதானே? தெருவக் கடக்கறது என் தொழில். வண்டிக்காரன் மொறைச்சா நான் பலகையத் தூக்குவேன். நடக்கறவனுக்கு முன்னாடி போக உரிமை இருக்குன்னு பத்தொம்பது வருஷமா சொல்லிட்டு இருக்கேன். இப்ப எங்கிட்டயே வந்து, எதுக்கு நடக்கற, எங்க நடக்கறன்னு கேட்டா?"

எல்லாரையும் 'அழகி' என்றுதான் கூப்பிடுவார், மீசை வைத்த தபால்காரரைத் தவிர. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தோடு விட்டேனா? இனி என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் தெருக்காரர்கள் பால்கனியை விட்டு இறங்கி எங்கள் முனைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் கிளெமான், ஓய்வுபெற்ற குழாய்க்காரர், கையில் ஒரு கொதிகலன் மூடி. விளக்கு உள்ள நாற்சந்தி அது. நான்கு பக்கமும் வெள்ளைக் கோடு. கோட்டின் மேலேயே சுற்றிச் சுற்றிக் கடந்தார்கள், எங்கும் போகாமல். கடைக்குள் இருந்து நான் வேடிக்கை பார்த்தேன். வேகம் கூடக்கூட விளக்கை மறந்தார்கள். சிவப்பில் பத்துப் பேர் இறங்க, ஒரு கார் கிறீச்சென்று நின்றது.

அடுத்த நிமிடம் ரெமோந்த் முனையில் இருந்தார். மூன்று வீடு தள்ளி இருக்கும் பால்கனியிலிருந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்திருக்கிறார். சட்டியைப் பலகை மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"ஏறுங்க மேல. எல்லாரும். சிவப்பு தெரியல?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் ஏறினார்கள். அந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒருவரை அவர் சின்ன வயதில் கைப்பிடித்துத் தெருவைக் கடக்கவைத்திருக்கிறார். தாடி வைத்த, ஆறடி உயரமுள்ள ஒருவன் தப்பட்டையோடு பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து, "மன்னிச்சுக்குங்க மதாம் ரெமோந்த்" என்றான். அப்புறம் பச்சை வந்தால் போவதும், சிவப்பு வந்தால் நின்ற இடத்தில் தட்டுவதும் என்று ஆகிவிட்டது. தாளம்கூட நன்றாக அமைந்தது.

அதோடு நின்றிருக்கலாம். ரெமோந்த் சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தவர் அல்லவா? ஐம்பது ஆனால்தானே குற்றம்? மறுநாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார். முதலில் தன் நெஞ்சைத் தொட்டு "ஒன்று" என்பார். பிள்ளைகளை எண்ணிப் பழகிய கண், உதடு மட்டும் அசையும். நாற்பத்தொன்பது வந்ததும் கையை நீட்டி அடுத்த ஆளைத் தடுத்துவிடுவார். யாராவது களைத்து விலகினால் நடைபாதையில் நிற்பவர் ஒருவர் உள்ளே போகலாம். உலகத்தில் எங்காவது ஆர்ப்பாட்டத்துக்கு வரிசையில் நின்று முறை வாங்கியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் முனையில் நின்றார்கள்.

கடை எட்டு மணிக்கு மூடும். கல்லாவைச் சரிபார்த்து, ஏப்ரனைக் கழற்றி, வீட்டிலிருந்து எடுத்துவந்த இட்லிப் பானை மூடியோடு நான் வெளியே வர எட்டு ஐந்து ஆகிவிடும். சொல்லிவைத்ததுபோல் தினமும் என்னிடம்தான் கணக்கு முடியும்.

"நில்லு அழகி. நீ ஐம்பதாவது."

"நேத்தும் நான்தான் ஐம்பதாவது. முந்தாநாளும் நான்தான்."

"சீக்கிரம் வரணும்."

"ரொட்டிய யாரு விப்பா, உங்க அப்பனா?"

கிளெமான் மூடியைத் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "விடுங்க தளபதி. ஒரு ஆளு கூடினா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"வானம் விழாது. என் முனை போயிடும்." ரெமோந்த் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "எனக்குச் சம்பளம் தர்றதே போலீஸுதான். சட்டத்துக்கு விரோதமான கூட்டத்துல நான் இருந்தேன்னு எழுதினா, ஆகஸ்ட்ல கடுதாசி வேற யாருக்காவது போகும்."

கிளெமான் கொதிகலன் மூடியைத் தட்டப் போய்விட்டார். நான் இட்லி மூடியை நடைபாதையில் நின்றபடி கொஞ்சம் கோபமாகத் தட்டினேன்.

ஒரு சாயங்காலம் ரோந்து வண்டி வந்து நின்றது. இளம் காவலர் ஒருவர் இறங்கி, இதற்கு ஏற்பாட்டாளர் யார் என்று கேட்டார். கிளெமான் போக்குவரத்து விளக்கைக் காட்டினார். "அதுதாங்க. அது சொன்னாப் போறோம், அது சொன்னா நிக்கறோம்." கூட்டம் முழுக்கச் சிரித்தது. ரெமோந்த் மட்டும் சிரிக்கவில்லை. காவலர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், உயர்த்திய கையையும்.

மறுநாள் ரெமோந்தின் காலை வேலை முடிந்த நேரத்தில் மர்சியால் வந்தார். நாற்பது முனைகளின் தெரு கடத்துபவர்களை மேற்பார்க்கும் அதிகாரி. நல்ல மனிதர். ஜனவரிக் குளிரில் ரெமோந்துக்கு என் கடையில் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார், பதினொரு வருடமாக. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலைப் பெருக்கப் போனேன். அன்று காலை ஏற்கெனவே பெருக்கிய வாசல்தான்.

"மதாம் பாத்னோத், நேத்து ரோந்து வண்டியில எடுத்த வீடியோ பார்த்தோம். நீங்க கையக் காட்டுறீங்க, கூட்டம் நடக்குது. மேல இருக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"செவப்புல போகாதேன்னு சொன்னேன். அது தப்பா?"

"தப்பில்ல. அம்பது ஆகாமப் பார்த்துக்கறீங்கன்னும் தெரியும். அதுவரைக்கும் நான் எதையும் பார்க்கல. அம்பது ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த முனைக்கு வேற ஆள் போடச் சொல்லுவாங்க."

"அத எழுதிக் குடு, மர்சியால்."

"எழுத எனக்கு இஷ்டமில்ல."

"அப்ப நான் எழுதறேன்" என்றார் ரெமோந்த்.

என்ன எழுதப்போகிறார் என்று நினைத்து நினைத்து அன்று இரண்டு பேருக்கு ரொட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பிற்பகல், பிள்ளைகள் போன பிறகு, அவர் மர்சியாலிடம் நான்காக மடித்த தாளை நீட்டினார். மர்சியால் அதை வாய்விட்டே படித்தார், நல்லவேளையாக.

"நாளை காலை எட்டு மணி பதினைந்து நிமிடத்துக்கு, இந்த முனையில், ஐம்பதுக்கு மேற்பட்ட நபர்கள் ஒன்றாகத் தெருவில் நடப்பார்கள். எண்ணிக்கை அறுபத்திமூன்று, சளிக்காய்ச்சல் இருந்தால் குறையலாம். வழி: வடக்கு நடைபாதையிலிருந்து தெற்கு நடைபாதை. நடக்கும் நேரம் பதினெட்டு வினாடி. பொறுப்பாளர் ரெமோந்த் பாத்னோத்."

மர்சியால் சிரிப்பை அடக்கக் காப்பியைக் குடித்தார். அது சூடாக இருந்திருக்க வேண்டும்.

"மதாம், புள்ளைங்க ஸ்கூலுக்குப் போறது ஆர்ப்பாட்டம் இல்ல."

"நாங்க சாயங்காலம் கடக்கறது?"

"அது வேற."

"எது வேற? வெள்ளைக்கோடு அதேதான். பச்சை விளக்கு அதேதான். பாதிப்பேரு அதே ஆளுங்க, வளர்ந்துட்டாங்க."

"கையில சட்டி இருக்கே."

"அப்ப சட்டிதான் குத்தமா? சட்டத்துல சட்டின்னு எங்கயும் இல்லையே. நான் முழுக்கப் படிச்சேன்."

மர்சியால் தாளை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். "இத நான் பார்க்கல, நீங்க குடுக்கல."

"பார்த்துட்ட. சத்தமாப் படிச்சும் காட்டிட்ட. அமலோகூடக் கேட்டுட்டா, பெருக்கற மாதிரி நின்னுகிட்டு."

நான் உள்ளே போய்விட்டேன். மர்சியால் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஜூன் பிறந்தது. கூட்டம் கூடிக்கொண்டே போனது. ரெமோந்தின் கணக்கு மட்டும் நாற்பத்தொன்பதிலேயே நின்றது. நடைபாதையில் காத்திருப்பவர்கள் முதலில் ஐந்து பேர், பிறகு இருபது பேர், பிறகு அறுபது பேர். முறை வராமல் வீட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண் அரைமணி நேரம் நின்றுவிட்டு, கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ரெமோந்த் அவள் போவதைப் பார்த்தார். கை நீட்டியபடியே இருந்தது.

அப்போதுதான் மர்சியாலின் வண்டி மெதுவாக வந்தது. கண்ணாடியை இறக்கி, நடைபாதையில் நெருக்கியடித்து நிற்பவர்களையும், அவர்களுக்கு முன்னால் நீண்டிருக்கும் ரெமோந்தின் கையையும் பார்த்தார். முகத்தில் உண்மையான நன்றி இருந்தது.

"நல்லாப் பார்த்துக்கறீங்க மதாம். எங்க வேலைய மிச்சம் பண்றீங்க."

வண்டி போய்விட்டது. ரெமோந்த் கையை இறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சட்டியைத் தட்டவும் இல்லை. கூட்டம் கலைந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆறு பத்துக்கு என் தலைக்கு மேலே காலடி கேட்கவில்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு பன்னிரண்டு, குழாய் இல்லை. சால்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், இரும்புப் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், ஏற்கெனவே மஞ்சள் மேல்சட்டையோடு. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அதே வேகத்தில் கோபமும் வந்தது.

"செத்துகித்துப் போயிட்டியோன்னு நெனைச்சேன். என்ன இங்க?"

"எண்ணிட்டு இருந்தேன்" என்றார். "இந்த மூணு வாரத்துல நான் எத்தன பேரத் தடுத்தேன்னு. இருநூத்துப் பதினொண்ணு. போலீஸு எத்தன பேரத் தடுத்திருக்கு தெரியுமா, நம்ம முனையில?"

"எத்தன?"

"ஒருத்தரையும் இல்ல. எல்லாரையும் தடுத்தது நான்தான். அந்தச் சட்டத்த எதிர்த்து நிக்கறேன்னு சொல்லிட்டு, அதுக்குக் காவல் நிக்கறேன், அழகி."

நான் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அவர் சொல்லக்கூடாது என்று இருந்தது.

"ஆகஸ்ட்ல கடுதாசி வராது, ரெமோந்த்."

"வராது."

"சும்மா வீட்டுல இருந்து தட்டேன். பால்கனியில நின்னா யாரு கேக்கப்போறா?"

"பயமாத்தான் இருக்கு" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. "அந்த முனை இல்லேன்னா காலைல எதுக்கு எந்திரிக்கணும்னே எனக்குத் தெரியல. யாரு மூக்க யாரு தொடைக்கிறது? ஆனா இன்னைக்குச் சாயங்காலமும் கைய நீட்டித் தடுத்துட்டு, நாளைக்குக் காலைல அதே கையால புள்ளைங்கள வான்னு கூப்பிட எனக்கு வராது."

அப்புறம் எழுந்து உள்ளே போய் வானொலியைப் போட்டார்.

அந்தச் சாயங்காலம் கடை மூடும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை. எட்டு ஐந்துக்கு இட்லி மூடியோடு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் மர்சியாலின் வண்டி நின்றிருந்தது. ரெமோந்த் நடைபாதை ஓரத்தில், சட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழக்கம்போல் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு, தாடிக்காரன். நாற்பத்தெட்டு, கிளெமான். நாற்பத்தொன்பது, மருந்துக்கடைப் பெண். அடுத்தது நான். கை தானாகவே நீண்டது, பழக்கத்தில். என் நெஞ்சுக்கு முன்னால் நின்றது.

நான் நின்றேன். தடுத்துவிடட்டும் என்றுதான் அந்த நொடியில் வேண்டிக்கொண்டேன். என்னால் அவர் முனை போகக்கூடாது. மூன்று வாரமாக உள்ளே விடு என்று சண்டை போட்டவள், இப்போது விடாதே என்று கண்ணால் கெஞ்சினேன்.

விளக்கு பச்சையானது. அந்தக் கை கீழே இறங்கி என் முழங்கையைப் பிடித்தது. முதல் வகுப்புப் பிள்ளையை முதல் நாள் பிடிப்பாரே, அப்படி.

"வா அழகி" என்றார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "ஐம்பது."

நான் கோட்டின் மேல் நடந்தேன். பின்னால் "ஐம்பத்தொண்ணு, ஐம்பத்திரெண்டு" என்று அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. நடைபாதை காலியாகும்வரை எண்ணினார். கணக்கு நூற்று முப்பதைத் தாண்டியது. பிறகுதான் சட்டியைத் தட்டத் தொடங்கினார். ஒருவர்கூடச் சிவப்பில் இறங்கவில்லை. மர்சியால் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, எங்களையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடிதம் வந்தது. அந்த முறை ரெமோந்த் அதைப் பிரித்தார். வேலையை விட்டு நீக்கவில்லை. 'நிர்வாக வசதிக்காக' வேறு முனை. ரயில் பாதைக்கு அப்பால், கிடங்குகளுக்கு நடுவில். எங்கள் முனைக்கு ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார், நல்லவர்தான், ஆனால் பிள்ளைகள் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. முதல் வாரம் பிள்ளைகள் கோட்டின் அருகே வந்து சுற்றுமுற்றும் தேடினார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதைப் பார்க்கவேண்டியிருந்தது. செப்டம்பரில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. அந்த மாதமே சட்டத்தையும் தூக்கிவிட்டார்கள். ரெமோந்தின் முனையை யாரும் திருப்பித் தரவில்லை.

அவர் இப்போது ஐந்தரைக்கு எழுந்துகொள்கிறார், பேருந்து பிடிக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. புலம்பியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்டோபரில் ஒரு விடுமுறை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் புது முனை எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். லாரிகள், ஒரு டயர்க் கடை, ஒரு விளக்கு. மஞ்சள் மேல்சட்டை தூரத்திலேயே தெரிந்தது.

"என்ன அழகி, வழி மாறி வந்துட்டியா?"

"சும்மா பார்க்க வந்தேன்."

"நீ சும்மா எங்க வருவ? கேளு."

கேட்டேன். "என் மேல கோவமா, ரெமோந்த்? நான்தானே ஐம்பதாவது."

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

"அந்தப் பழைய முனைய நெனைச்சு அழுதிருக்கேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா உன்ன இன்னொரு தடவ தடுத்திருந்தா அத நெனைச்சு அழுதிருப்பேன். அது இதவிட மோசம்."

மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அந்த முனையில் மொத்தமே மூன்று பேர்தான். ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவனுடைய மூக்கைத் துடைத்தார். விளக்கு சிவப்பு. இரண்டு பக்கமும் ஒரு வண்டியும் இல்லை. நான் கால் வைக்கவில்லை. ஐந்து பேரும் நின்றோம்.

"ஒண்ணு" என்று தன் நெஞ்சைத் தொட்டார். பிள்ளைகளைப் பார்த்து, "ரெண்டு, மூணு, நாலு." பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "அஞ்சு. அடுத்த தடவ வரும்போது இன்னும் நாப்பத்தஞ்சு பேரக் கூட்டிட்டு வா."

பச்சை வந்தது. அவர் பலகையை உயர்த்தினார், நாங்கள் கடந்தோம்.